விருந்தாளிக்குச் சாக்கடையைக் காட்டுவது

உங்கள் கலைத்தெருவைப் பற்றி நீங்கள் அனுப்பிய புத்தகம் வந்து சேர்ந்தது. வழுவழுப்பான தாள், நல்ல புகைப்படங்கள். சுவரில் ஓவியம், மாலை வெயிலில் வீணையோடு ஒரு பெண், டீக்கடை வாசலில் சிரிக்கும் நடிகர்கள். கடைசிப் பக்கத்தில், இந்தக் கலைத்தெருவுக்கு நடைபாதையும் விளக்கும் வடிகாலும் போட மாநகராட்சி நிதி ஒதுக்க வேண்டும் என்று நான்கு வரி. முதலிலிருந்து முடிவு வரை தேடிப் பார்த்தேன். ஒரு குழியைக் காணோம். ஓர் உடைந்த மூடியைக் காணோம். இவ்வளவு அழகாக இருக்கிற தெருவுக்கு எதற்குக் காசு என்று எனக்கே தோன்றியது. அதைப் படிக்கப் போகிற அதிகாரிக்குத் தோன்றாதா?

திட்டுகிறேன் என்று நினைத்தால் சரியாகத்தான் நினைக்கிறீர்கள். ஆனால் உங்களை மட்டும் திட்டவில்லை. எங்கள் ஆட்கள் இதைவிடப் பெரிய கூத்து அடித்தார்கள். அதைத்தான் எழுதப் போகிறேன். மனு எப்படி எழுதுவது, எந்த மேசைக்கு எந்த நகல் போக வேண்டும் என்பதையெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். கொஞ்ச நாள் அலைந்தால் தானாக வந்துவிடும்.

நான் யார் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். அப்பா ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். செகந்திராபாத் ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவள். பாலாநகரில் ஒரு பம்பு கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தேன். கம்பெனி படுத்துவிட்டது. அதற்குப் பிறகு சனத்நகரில் ஒரு சந்தின் சங்கத்தில் செயலாளர் வேலை கிடைத்தது. செயலாளர் என்பது பேருக்கு. உண்மையில் என் வேலை மாநகராட்சிக்குப் போய் நச்சரிப்பது. உங்கள் விசிட்டிங் கார்டில் இதற்கு வேறு நல்ல பெயர்கள் போட்டிருக்கிறீர்கள். போட்டுக்கொள்ளுங்கள். வேலை அதேதான்.

அந்தச் சந்து பழைய தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருந்தது. ஒரு காலத்தில் லேத்துப் பட்டறைகளும் வார்ப்படக் கூடங்களும் ஓடிய இடம். தொழில் போன பிறகு தகரக் கொட்டகைகள் மலிவு வாடகைக்கு வந்தன. உயரமான கூரை. எவ்வளவு கத்தினாலும் சண்டைக்கு வர அக்கம்பக்கம் இல்லை. நாடகக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்? முதலில் ஒரு தெலுங்குக் குழு வந்தது. பின்னாலேயே உருது நாடகக்காரர்கள். அப்புறம் மேடைக்கும் சினிமாவுக்கும் செட் போடுகிறவர்கள், ஃபைபரில் சிலை வார்க்கிறவர்கள், தபலா வகுப்பு, நடன வகுப்பு. ஷெட் கல்லி, அதாவது கொட்டகைச் சந்து, என்று பெயர் வந்துவிட்டது. பத்திரிகையில் ஒரு தடவை கலைஞர்களின் தெரு என்று எழுதினார்கள். அதை வெட்டி ஒட்டி வைத்துக்கொண்டு எல்லோரும் பூரித்தார்கள்.

பத்திரிகைக்காரர் எழுதாமல் விட்ட ஒன்று நாலா. ஹைதராபாத்தில் பெரிய சாக்கடைக் கால்வாயை அப்படித்தான் சொல்வோம். சந்தின் ஓரமாக, கொட்டகை வாசல்களை ஒட்டி, திறந்தபடி ஓடியது. கொட்டகைக்குள் போக ஒவ்வொருவரும் ஒரு கடப்பைக்கல்லையோ இரும்புத் தகட்டையோ குறுக்கே போட்டிருந்தார்கள். மழை பெய்தால் நாலா நிரம்பி ரோட்டோடு கலந்துவிடும். எது தரை, எது பள்ளம் என்று கண்ணுக்குத் தெரியாது. சந்துக்கு ஒரே விளக்கு. அது எரிந்ததை நான் பார்த்ததில்லை.

நாங்கள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. நாலாவுக்கு கான்கிரீட் மூடி போட்டு அதையே நடைபாதையாக்குங்கள், விளக்கு போடுங்கள், ரோட்டைக் கொஞ்சம் மேடாக்குங்கள். ஆனால் அது சாஃப்ட்வேர் காலம். ஊரின் பணமெல்லாம் மேற்கே போய்க்கொண்டிருந்தது. அங்கே பாறையை வெடிவைத்துப் பிளந்து, நாங்கள் கனவிலும் காணாத அகலத்தில் ரோடு போட்டார்கள். எங்கள் சந்தைப் பற்றிப் பேச்செடுத்தால், "அது இண்டஸ்ட்ரியல் ஏரியாதானே அம்மா" என்று காகிதத்தை அடியில் செருகிவிடுவார்கள்.

ஒவ்வொரு அறையிலும் ஒரு கேள்வி கேட்பார்கள். நீங்களும் கேட்டிருப்பீர்கள். "யாராவது விழுந்தாங்களா?" யாராவது விழுந்தால்தான் அவசரம். யாரும் விழாவிட்டால் அடுத்த வருடம்.

விழுந்திருந்தாள். நடன வகுப்புக்கு வந்த ஒரு சின்னப் பெண். முந்தைய மழைக்காலத்தில் வகுப்பு முடிந்து வெளியே வந்தவள், தரை என்று நினைத்து நாலாவில் கால் வைத்துவிட்டாள். மணிக்கட்டு முறிந்தது. சாக்கடைத் தண்ணீரைக் குடித்திருந்தாள். அவளை ஆட்டோவில் மடியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது நான்தான். அவள் பெற்றோர் சண்டை போடவில்லை. மறுநாளிலிருந்து அனுப்பவில்லை, அவ்வளவுதான்.

நடனம் சொல்லிக்கொடுத்த கோமதி டீச்சர் அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவள். கணவர் போன பிறகு அந்த வகுப்பு மட்டும்தான் அவளுக்குச் சோறு.

"அக்கா, இத யார்ட்டயும் சொல்லிராதிய. மத்த பிள்ளையள அனுப்பமாட்டாவ. கொட்டகையப் பூட்டிட்டு நான் எங்க போவேன்?"

சொல்ல மாட்டேன் என்றேன். அதற்குப் பிறகு எத்தனை அறைகளில் "யாராவது விழுந்தாங்களா?" என்று கேட்டார்களோ, அத்தனை அறைகளிலும் இல்லை என்றேன். என் மனுவில் போட்டிருந்தால் அதைவிடப் பலமான வரி வேறு கிடையாது. போடவில்லை. ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் இருந்தது. அடுத்த மழைக்குள் நாலா மூடப்படாவிட்டால் இன்னொரு பிள்ளை விழும். அப்போது யாரும் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. கோமதியின் வகுப்பு அதோடு முடிந்துவிடும். இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நச்சரித்து நச்சரித்து, கடைசியில் மாநகராட்சி நிலைக்குழுத் தலைவரே நேரில் வந்து பார்ப்பதாக ஒப்புக்கொண்டார். நிதிக்குக் கையெழுத்துப் போடுகிற ஆள். கூட ஒரு என்ஜினியரும் வருவார். ஞாயிற்றுக்கிழமை காலை. வெயில் காலம் தொடங்கியிருந்தது. நான் சங்கக் கூட்டத்தில் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். "எதையும் தொடாதீங்க. இருக்கிறது இருக்கிறபடி இருக்கட்டும்." எல்லோரும் தலையாட்டினார்கள்.

அன்று காலை நான் தலைவர் வீட்டுக்குப் போய் அவர் வண்டியிலேயே ஏறி வந்தேன். இல்லாவிட்டால் பாதியில் வேறு எங்காவது திரும்பிவிடுவார்கள். வண்டி சந்துக்குள் திரும்பியது. எனக்கு ஒரு நிமிடம் தப்பான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று இருந்தது.

நாலாவைக் காணோம். கோமதியின் கொட்டகை முன்னால் அது முழுவதும் மேடைப் பலகை போட்டு மூடியிருந்தார்கள். சரித்திர நாடகங்களுக்குப் போடுகிற கனமான பலகைகள். அதன் மேல் சிவப்புக் கார்பெட். இடிந்து கிடந்த சுவருக்கு முன்னால் ஓர் அரண்மனை நின்றது. கான்வாஸில் வரைந்த தூண்கள், வளைவுகள், ஜன்னலுக்குப் பின்னால் நீல வானம் கூட இருந்தது. பகல் வெளிச்சத்தில் மேடை விளக்குகள் எரிந்தன. நாற்றத்துக்கு ஊதுபத்தி. பலகை இடுக்குகளில் பன்னீர் தெளித்திருந்தார்கள்.

வாசலில் ஜப்பார் பாய் புது ஜிப்பாவில் நின்றார். செட் போடுகிறவர்களில் பெரிய ஆள் அவர். வாணியம்பாடியில் பிறந்து, சின்ன வயதிலேயே இங்கே வந்து, தமிழையும் இந்த ஊர் உருதுவான தக்கினியையும் ஒரே வாயில் மெல்லுகிறவர்.

நான் வண்டியிலிருந்து இறங்கி அவரை ஓரமாக இழுத்தேன்.

"என்ன பாய் இது?"

"எப்படி இருக்கு? ரெண்டு நாளா பசங்க தூங்கலே."

"ஒண்ணையும் தொடாதீங்கன்னு சொன்னேனே!"

"ஹவ், சொன்னீங்க. அதுக்காக? வூட்டுக்கு வர்ற மனுசனுக்கு மோரியையா, சாக்கடையையா காட்டுவாங்க? கைக்கு, ஏன் அக்கா இப்படிப் பேசறீங்க?"

அவரைக் குற்றம் சொல்லி என்ன செய்வது? விருந்தாளி வருகிறார் என்றால் மற்ற தெருக்காரர்கள் பெருக்கிக் கோலம் போடுவார்கள். இவர்கள் தொழில் தெரிந்தவர்கள். அரண்மனையே கட்டிவிட்டார்கள்.

தலைவரைக் கார்பெட்டின் மேல் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். மாலை, சால்வை, டீ, உஸ்மானியா பிஸ்கட். கோமதியின் பிள்ளைகள் சலங்கை கட்டிக்கொண்டு அந்தப் பலகைகள் மேலேயே ஆடினார்கள். நன்றாகத்தான் ஆடினார்கள். பெற்றோர்கள் ஓரமாக நின்று கேமராவில் பிடித்தார்கள். தலைவர் தாளம் போட்டார். என்ஜினியர் தன் காகிதக் கட்டைத் திறக்கவே இல்லை.

ஆட்டம் முடிந்ததும் தலைவர் எழுந்து தெலுங்கில் பேசினார். "சாலா பாகுந்தி, ரொம்ப நன்றாக இருக்கிறது. மாநகராட்சியை எதிர்பார்க்காமல் தங்கள் தெருவைத் தாங்களே இப்படி வைத்திருக்கிறார்களே, மற்ற தெருக்காரர்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும்" என்றார். கைதட்டினார்கள். கைதட்டியது எங்கள் ஆட்கள்! என்ன சொல்கிறார் என்று அவர்களுக்கு உறைக்கவே இல்லை. புகழ்ச்சி என்றால் காது அங்கேயே நின்றுவிடும். அப்புறம் என்ஜினியரிடம் திரும்பி, "முகப்பில் ஒரு ஆர்ச் மட்டும் போட்டால் போதும், பேர் எழுதி" என்றார். என்ஜினியர், "எஸ் சார்" என்றார்.

இந்த இடத்தில்தான் நீங்கள் நின்று யோசிக்க வேண்டும். வந்தவர் சந்தோஷமாக இருக்கிறார். போய்விட்டால் அடுத்த மழைக்கு முன் இன்னொரு தடவை வர மாட்டார். மறுநாள் அலுவலகத்துக்குப் போய், "ஐயா, நீங்கள் பார்த்தது செட்" என்று சொல்லலாம். சொன்னால் சிரிப்பார்கள், ஆர்ச்சைப் போட்டுவிட்டு முடித்துவிடுவார்கள். இப்போதே சொன்னால் மாலை போட்ட கையோடு அவரை முட்டாளாக்கியதாக ஆகும். எந்த அரசியல்வாதி அதைப் பொறுப்பான்? கோபித்துக்கொண்டு போனால் ஆர்ச்சும் கிடையாது, அடுத்த ஐந்து வருடத்துக்கு எங்கள் காகிதம் நகராது. இரண்டுமே கெடுதல். ஆனால் ஒன்றில் அவர் நாலாவைப் பார்த்திருப்பார். இன்னொன்றில் பார்த்திருக்க மாட்டார். எனக்கு அந்த வித்தியாசம் போதுமாக இருந்தது.

"பாய், கார்பெட்டைச் சுருட்டுங்க. பலகையை எடுங்க" என்றேன்.

"இப்பவா?"

"இப்பவே."

"நக்கோ அக்கா. ஆடியன்ஸ் கலையாம செட்டைத் தொடற பழக்கம் நமக்குக் கிடையாது. என் கையால நடக்காது."

சரி என்று நானே குனிந்தேன். கார்பெட்டின் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். பட்டுப்பாவாடை கட்டிய பிள்ளைகள் விலகி ஓடினார்கள். பலகையைத் தூக்கப் பார்த்தேன், வரவில்லை. கொக்கியில் மாட்டியிருந்தது. எனக்கு அது தெரியாது. கிடைத்த கம்பியை இடுக்கில் விட்டு நெம்பினேன். ஓரம் பிளந்து சத்தம் வந்தது.

ஜப்பார் பாய் அலறினார். "அரே! ஒடைக்காதே! விடு, விடு! கொக்கியைக் கழட்டாம எவளாவது நெம்புவாளா?" அதுவரை என்னை நீங்கள் என்றுதான் கூப்பிடுவார். தன் ஆட்களைப் பார்த்து, "வாங்கடா, இது எல்லாத்தையும் நாசம் பண்ணிடும்" என்று கத்தினார்.

விருந்தாளியை அவமானப்படுத்த அவருக்கு மனசு வரவில்லை. பலகை உடைவதைப் பார்த்துக்கொண்டு நிற்கவும் மனசு வரவில்லை. அவருடைய ஆட்கள் வந்தார்கள். கொக்கிகள் கழன்றன. பலகைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுவரோரம் போய் அமர்ந்தன. அரண்மனையும் மடங்கியது. அவர்கள் செட் பிரிக்கிற வேகம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தலைவர், "ஏமிட்டிதி, ஏமிட்டிதி" என்று கேட்டு முடிப்பதற்குள் அவருடைய நாற்காலிக்குக் கீழே இருந்த பலகைதான் பாக்கி.

"சார், கொஞ்சம் இறங்கி ரோட்டுப் பக்கம் நில்லுங்க" என்றேன். இறங்கினார். அந்தப் பலகையும் போனது.

நாற்றம் மேலே வந்தது. கறுப்புத் தண்ணீர், பிளாஸ்டிக் பை, செத்த பெருச்சாளி ஒன்று. தலைவர் சால்வையால் மூக்கைப் பொத்தினார். முகம் சிவந்துவிட்டது.

"என்னம்மா இது? என்னைக் கூப்பிட்டுச் சாக்கடை மேல உட்காரவைச்சு விளையாடறீங்களா?"

"நாங்க விளையாடலே சார். இவங்களுக்கு உங்க மேல மரியாதை. அதான் மூடினாங்க. இவ்வளவு நேரம் கீழே என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியலே. மழை பெஞ்சா எங்களுக்கும் தெரியாது. ஒரே வித்தியாசம், அன்னிக்குப் பலகை இருக்காது."

தெலுங்கில் சொன்னேன். மரியாதையாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். அங்கே இருந்தவர்கள் வேறு மாதிரி சொல்வார்கள்.

அவர் என்னை முறைத்தார். பிறகு நாலாவைப் பார்த்தார். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் எதிர்பார்த்ததுதான்.

"யாராவது விழுந்தாங்களா?"

எனக்கு வாய் சும்மா இருக்காது. நாற்பது பேர் முன்னால் அப்பாவையே எதிர்த்துப் பேசியவள் நான். பதில் நாக்கு நுனியில் இருந்தது. பெயர் தெரியும், எந்தக் கை முறிந்தது என்று தெரியும், என் புடவையில் எங்கே வாந்தி எடுத்தாள் என்று தெரியும். சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே காரியம் முடிந்திருக்கும்.

கோமதி எதிரே நின்றாள். ஒரு கையில் தட்டுக்கழி, இன்னொரு கையில் ஒரு சின்னப் பெண்ணின் தோள். என்னைத்தான் பார்த்தாள். சுற்றிலும் பெற்றோர்கள். அது என் கதை இல்லை. சொல்ல மாட்டேன் என்று அவளுக்கு வார்த்தையும் கொடுத்திருந்தேன். அவள் சோற்றை எடுத்து நான் கூட்டத்தில் பந்தயம் கட்ட முடியாது, அது அவள் நன்மைக்கே என்றாலும்.

பேசாமல் நின்றேன்.

"விழலே இல்லையா? அப்படின்னா அடுத்த வருஷ பட்ஜெட்டில் பார்க்கலாம்" என்று தலைவர் வண்டிப் பக்கம் திரும்பினார்.

"விழுந்துட்டா சார்."

கோமதியின் தெலுங்கு மட்டம். இந்தியும் இங்கிலீஷும் கலந்து சொன்னாள். என் வகுப்புப் பிள்ளை விழுந்தாள், மழையில், இந்த இடத்தில், கை முறிந்தது, நான்தான் யாரிடமும் சொல்லவில்லை, இந்த அக்காவையும் சொல்லவிடவில்லை. பாதி வார்த்தை கிடைக்கவில்லை. ஆனால் நிறுத்தவில்லை. கடைசியில் பெற்றோர்கள் பக்கம் திரும்பி, "மன்னிச்சிருங்க" என்று தமிழிலேயே சொன்னாள். அவர்களில் பாதிப்பேருக்குத் தமிழ் தெரியாது. அது எல்லோருக்கும் புரிந்தது.

ஓர் அம்மா தன் பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சந்தை விட்டு வெளியே நடந்தாள். சலங்கை சத்தம் முக்கு வரைக்கும் கேட்டது. இன்னும் சிலர் போனார்கள்.

தலைவர் அவர்கள் போவதைப் பார்த்தார். பிறகு என்ஜினியரிடம், "அளந்துகொள்" என்றார். வண்டியில் ஏறும்போது என்னைப் பார்த்து, "நீ இனிமே என் ஆபீசுக்கு வராதே. வேற யாரையாவது அனுப்பு" என்றார். நான் போகத்தான் செய்தேன், அது வேறு விஷயம்.

இதைக் கேட்ட உங்கள் ஆட்களில் ஒருவர் என்னிடம் ஒரு முறை சொன்னார், "மேடம், நீங்க பேசாம இருந்தது ரிஸ்க். டீச்சர் பேசலேன்னா எல்லாம் போயிருக்கும்." போயிருக்கும்தான். போயிருந்தால் நான் வேறு வழியில் மறுபடி நச்சரித்திருப்பேன். அதுதானே வேலை. விழுந்தவர்களின் கதை நம்முடைய மூலதனம் இல்லை. அதை எடுத்துச் செலவழிக்க உரிமை உள்ளவர் செலவழிக்கட்டும். செலவழிக்கும்போது நஷ்டமும் அவருக்குத்தான் வருகிறது, நமக்கு இல்லை. இதை மறந்துவிட்டு ஒவ்வொரு மேசையிலும் யாருடைய எலும்பையாவது எடுத்துப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நிதி கிடைக்கிறது. தெருக்காரர்கள் அப்புறம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

என்னோடும் ஒருவர் பேசவில்லை, அது ஜப்பார் பாய். ஆடியன்ஸ் முன்னால் தன் செட்டைப் பிரிக்கவைத்தவள் என்று என்னைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். பிளந்த பலகையைச் சங்கத்தில் என் அறை வாசலில் கொண்டுவந்து சாத்திவிட்டுப் போனார், நான் போகவர அதைப் பார்க்கட்டும் என்று.

நிதி ஒதுக்கினார்கள். நாலா மூடி, விளக்கு, ரோடு, மூன்றுக்கும். ஆர்ச் இல்லை. ஆனால் ஒதுக்குவது வேறு, வேலை நடப்பது வேறு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டெண்டர், மறு டெண்டர் என்று இழுத்து மழைக்காலம் வந்துவிட்டது. கோமதியிடம் கொஞ்சம் பிள்ளைகள்தான் மிச்சம். இன்னொரு தடவை ஏதாவது ஆனால் அவர்களும் இல்லை.

முதல் மழை பெய்த சாயங்காலம் நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு அவள் வாசலுக்கு ஓடினேன். அங்கே நாலாவுக்கு மேல் மேடைப் பலகைகள் கிடந்தன. கொக்கி மாட்டி, இரண்டு பக்கமும் மூங்கில் கட்டி, வழுக்காமல் சாக்கு விரித்திருந்தது. ஜப்பார் பாய் குடை பிடித்துக்கொண்டு நின்றார். பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கடந்தார்கள். என்னைப் பார்த்ததும் கோமதியிடம், எனக்குக் கேட்கும்படி, "டீச்சர், இந்தப் பலகை மேல எவளும் கம்பியைக் கொண்டு வரக் கூடாது, சொல்லிடுங்க" என்றார்.

மழை முடிகிற வரை அந்தப் பலகைகள் அங்கேயே கிடந்தன. அவற்றைக் கேட்டு வந்த நாடகக்காரர்களை அவர் திருப்பி அனுப்பினார். இதில் ஒரு வேடிக்கை. என்ஜினியர் பார்வையிட வருகிற நாட்களில் பலகையை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி மூடிக் கிடக்கிறது என்று எழுதிவிடுவார். நான் போன் செய்து, "பாய், நாளைக்கு வராங்க" என்பேன். அவர் பதில் சொல்லாமல் போனை வைத்துவிடுவார். மறுநாள் நாலா திறந்து கிடக்கும். என்ஜினியர் போனதும் மூடிவிடுவார். பேச்சுவார்த்தை இல்லாமல் இவ்வளவு ஒழுங்காக யாரோடும் நான் வேலை செய்ததில்லை.

குளிர் காலத்தில் கான்கிரீட் மூடி வந்தது. விளக்கு வந்தது. கல்வெட்டில் தலைவர் பேர் பெரிதாக இருந்தது. இருக்கட்டும்.

அடுத்த பள்ளி வருடத்தில் கோமதியிடம் பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். வேறு மாதிரிப் பிள்ளைகள். மேற்கே புதிதாக வந்த அடுக்குமாடிகளிலிருந்து, கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கும் அப்பாக்கள் காரில் கொண்டுவந்து விட்டார்கள். தெரு நன்றாக இருக்கிறது என்று ஒருவர் சொல்லி ஒருவர் வந்தார்கள். அந்தக் கார்களை எங்கே நிறுத்தினார்கள் தெரியுமா? நாலா மூடிக்கு மேலே. நடப்பதற்காக இவ்வளவு பாடுபட்டு வாங்கிய இடத்தில், சாயங்காலம் ஆனால் வரிசையாகக் கார். பக்கத்துக் குடிசைப் பகுதியிலிருந்து நடந்து வருகிற பிள்ளைகள் மறுபடி நடுரோட்டில் லாரிக்கு நடுவே போனார்கள்.

நான் ஒரு காரின் முன்னால் போய் நின்றேன். உள்ளே இருந்தவர் கண்ணாடியை இறக்காமல், "டூ மினிட்ஸ் ஆன்ட்டி" என்று சைகை காட்டினார். நான் சத்தம் போட்டேன். அவரும் போட்டார். கோமதி உள்ளேயிருந்து ஓடி வந்து என் முழங்கையைப் பிடித்தாள்.

"அக்கா, அவ்வோட்ட சண்டை போடாதிய. பிள்ளைய நிப்பாட்டிருவாவ."

நான் அவள் தோளுக்கு மேலாகக் கொட்டகைக்குள் பார்த்தேன். உள்ளே நிற்க இடமில்லை. அடுத்த வகுப்புக்கு வந்த பிள்ளைகள் வாசலிலேயே சலங்கை கட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் பயம் தீரவில்லை. எனக்குத் தீர்ந்துவிட்டது. கையை விடுவித்துக்கொண்டு அடுத்த காரின் கண்ணாடியைத் தட்டப் போனேன்.